ராகுவைப் பார்த்து மழையைச் சொல்லலாமா?

கேள்வி: நிலவுக்கு 18 வருடச் சுற்று ஒன்று இருக்கிறதாம். அதைப் பிடித்துக்கொண்டால் எந்த வருடம் பஞ்சம், எந்த வருடம் வெள்ளம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நம்பலாமா, ஐயா?
- டெல்டா விவசாயி ஒருவர்

சுற்று இருப்பது உண்மை. அதை வைத்து ஜோசியக் கடை போடுவதுதான் வம்பு.

பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்து கிடக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் நம் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. இந்தப் புள்ளிகள் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து ஒரு முழு வட்டம் வர 18.6 வருடம் ஆகும். அதை 12 ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதல், கோயில் வாசலில் ராகு-கேது பெயர்ச்சிக்குப் பேனர் கட்டுகிறார்களே, அதே கணக்குதான்.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஒரு காலத்தில் நிலா நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 28.5 பாகை வரை ஏறி, இரண்டே வாரத்தில் தெற்கே அதே அளவு இறங்குகிறது. 9 வருடம் கழித்துப் பார்த்தால் 18.5 பாகையோடு திரும்பிவிடுகிறது. 2015-ல் அப்படிக் குறுகிக் கிடந்தது, 2024-25-ல் முழு வீச்சில் ஆடியது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. 2015 டிசம்பர் பௌர்ணமியை மொட்டைமாடியில் உச்சிக்கு வடக்கே எங்கே பார்த்தீர்களோ, 2024 டிசம்பரில் அதைவிட ஒரு முஷ்டி தள்ளி இன்னும் வடக்கே போயிருக்கும். யார் கவனித்தோம்!

கடல் கவனித்திருக்கிறது. நிலா வடக்கும் தெற்கும் அதிகமாக ஆடும் வருடங்களில் நாளுக்கு ஒரு முறை வரும் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, வலுக்கும், நாளுக்கு இரு முறை வரும் ஓதம் சற்றே தளரும். முதல் வகையில் மாற்றம் 10 முதல் 20 சதவீதம் வரை போகும், இரண்டாவதில் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஜப்பானுக்கு வடக்கே குரில் தீவுகளின் இடுக்குகளில் நாளுக்கு ஒரு முறை ஓதம்தான் ராஜா. அங்கே நீரோட்டம் வலுத்தால் அடிக்கடல் நீரும் மேல்நீரும் கூடுதலாகக் கலக்கும், அந்தக் கலக்கல் வட பசிபிக்கின் பல வருட வெப்ப ஊசலில் ஒரு பங்கு வகிக்கிறது என்று 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். எனக்கு இது நம்பக்கூடியதாகவே படுகிறது, ஏனென்றால் இதில் எது எதைத் தள்ளுகிறது என்பது தெரிகிறது. நிலா நேராக வந்து மேகத்தைப் பிழிவதில்லை, கடலை மெல்லக் கலக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் வீடியோக்காரர் கணக்கைச் சோதித்துப் பார்ப்போம். நிலா முழு வீச்சில் ஆடிய மூன்று தடவைகள் 1987, 2006, 2024-25. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை 1987-ல் சராசரிக்கு 19 சதவீதம் குறைந்து நாடே வறண்டது. 2006-ல் ஏறக்குறைய சராசரி. 2024-ல் 8 சதவீதம் அதிகம். ராகு அதே இடத்துக்கு வந்தார், மழை அதே மாதிரி வரவில்லையே! 1987-ல் பசிபிக்கில் எல் நினோ, அதாவது கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, இருந்தது, அந்த வறட்சியில் அதன் கைதான் பெரிது.

இன்னொரு சங்கடம், 150 வருட மழைப் பதிவில்கூட இந்தச் சுற்று எட்டே முறைதான் வரும். எட்டு முறையில் மூன்று நான்கு பொருந்தினாலே கண்ணுக்குப் பெரிய விதி போலத் தெரியும், பொருந்தாதவற்றை வீடியோவில் காட்டுவதும் இல்லை. ஆகவே சம்பாவா தாளடியா என்று முடிவெடுக்க எல் நினோ செய்தியையும் மேட்டூர் நீர்மட்டத்தையும் பாருங்கள்.

கேள்வி: புயல் எல்லாம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது?
- சென்னை வாசகி

அப்படித் தோன்றும். இரண்டு பக்கமும் மும்மூன்று நாள் சேர்த்து "ஒட்டி" என்று வைத்துக்கொண்டால் அமாவாசைக்கு 7, பௌர்ணமிக்கு 7, ஆக 14 நாள். மாதத்தில் பாதி முடிந்துபோச்சு! எந்தப் புயலும் இரண்டுக்கு ஒன்று அதில் விழத்தான் செய்யும். 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா பௌர்ணமியை ஒட்டித்தான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2015 டிசம்பர் 1, 2-ல் சென்னை மூழ்கியபோது வானத்தில் தேய்ந்த அரைநிலா. 2018 நவம்பர் 16-ல் கஜா கரை ஏறியதும் அரைநிலாவில்தான், 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் படுத்தியதும் அரைநிலாவில்தான்.

நிலா காற்றுமண்டலத்தையும் இழுக்கத்தான் செய்கிறது, காற்றழுத்தத்தில் அதன் தடம் மில்லிபாரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. செயற்கைக்கோள் பதிவுகளை 15 வருடத்துக்குச் சேர்த்து அலசிய வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிலா உச்சியில் இருக்கும்போது மழை மிகச் சிறிதளவு குறைகிறது என்று 2016-ல் கண்டார்கள். மழையின் ஏற்ற இறக்கத்தில் அதன் பங்கு ஒரு சதவீதம்தான். அதற்காகக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது பலிக்கும். அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏற்கெனவே உயர்ந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துப் புயல் வந்தால் அதன் அலை அதற்கும் மேலே ஏறும். 2012 அக்டோபர் 29-ல் நியூயார்க்கில் சாண்டி புயல் பௌர்ணமி அன்றே, கடல் ஏற்றத்தின்போதே வந்து சுரங்க ரயில் பாதைக்குள் கடலைக் கொட்டியது. சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசமே ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நமக்கு இந்தக் கூடுதல் கொஞ்சம்தான், ஆனால் அடையாற்று வெள்ளம் கடலில் வடிய வேண்டிய நேரத்தில் அந்தக் கொஞ்சமும் தொந்தரவுதான்.

கேள்வி: "அகல் வட்டம் பகல் மழை" என்பதும் கட்டுக்கதையா?
- மதுரை மாணவர்

இல்லை. மேலே மெல்லிய மேகத்தில் பனிப் படிகங்கள் இருந்தால்தான் நிலாவைச் சுற்றி அந்தப் பெரிய வட்டம் விழும். மழைமேகக் கூட்டத்துக்கு முன்னோடியாக அந்த மேகம் அடிக்கடி வருவதுண்டு. எப்போதும் அல்ல. துணி காயப்போட்டிருந்தால் எடுத்து வையுங்கள்.