மனித ஜீனோமை, அதாவது நம் டிஎன்ஏ முழுவதையும், 2003இலேயே படித்து முடித்துவிட்டதாகச் சொன்னார்களே, 2022இல் மறுபடியும் "முழுமையாகப் படித்தாயிற்று" என்றது ஏன்? மேப்பிங், சீக்வென்சிங் இரண்டும் ஒன்றுதானா?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் முதல் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

இரண்டும் வேறு வேறு. ஒரு மரபணு எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது மேப்பிங். அந்த இடத்தில் டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் எந்த வரிசையில் வருகின்றன என்று படிப்பது சீக்வென்சிங். ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். 1913இல் ஆல்ஃப்ரெட் ஸ்டர்ட்டவன்ட் பழ ஈக்களை வைத்து முதல் மரபணு வரைபடத்தை வெளியிட்டபோது, மரபணு டிஎன்ஏவால் ஆனது என்பதே யாருக்கும் தெரியாது. இரண்டு பண்புகள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போனால், அவற்றின் மரபணுக்கள் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தக் கணக்குதான் அவருக்குக் கைகொடுத்தது.

மனிதர்களில் இந்தக் கணக்கு பலித்த கதைகளில் என் மனதை விட்டு அகலாதது, மூளை நரம்புகளைப் படிப்படியாகச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோயின் கதை. வெனிசுவேலாவில் மாரகைபோ ஏரிக்கரையில் இந்த நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெரிய குடும்பங்கள் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரின் குழு அங்கே போய் வம்சாவளியை எழுதி, இரத்த மாதிரிகளைச் சேகரித்தது. வெக்ஸ்லரின் அம்மாவும் இதே நோயால் இறந்தவர். 1983இல், 4ஆம் குரோமோசோமில் உள்ள ஓர் அடையாளம் நோயோடு சேர்ந்தே வருவது தெரிந்தது. இடம் தெரிந்த பிறகும் மரபணுவைப் பிடிக்கப் பத்து வருடம் ஆனது. 1993இல் கிடைத்தபோது, உள்ளே சிஏஜி, சிஏஜி, சிஏஜி என்று ஒரே மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வந்தது. அது 40 தடவையோ அதற்கு மேலோ வந்தால் நோய் வரும்.

இந்தத் "திரும்பத் திரும்ப" என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2022 வரை இழுத்தடித்தது அதுதான்.

ஒரு குரோமோசோமை முனையிலிருந்து முனைவரை ஒரே மூச்சில் படிக்கும் இயந்திரம் கிடையாது. 1990இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டத்தில் ஒரு தடவைக்குச் சில நூறு எழுத்துகள்தான் படிக்க முடிந்தது. படிக்க வேண்டியதோ 300 கோடிக்கு மேல். அதனால் டிஎன்ஏவை ஒன்றரை லட்சம் எழுத்து அளவிலான துண்டுகளாக்கி, எந்தத் துண்டு எங்கே வரும் என்று முதலில் வரைபடம் போட்டார்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் பொடியாக்கிப் படித்து, ஓரங்கள் ஒத்துப்போகும் இடத்தில் ஒட்டினார்கள். ஒரே எழுத்துவரிசை ஆயிரக்கணக்கான தடவை வரும் இடத்தில் எந்த ஓரமும் எந்த ஓரத்தோடும் ஒத்துப்போகும். அங்கே ஒட்டவே முடியாது. குரோமோசோமின் இடுப்பு போலச் சுருங்கிய சென்ட்ரோமியரில், 171 எழுத்துள்ள ஒரு துணுக்கு அப்படித்தான் அடுக்கடுக்காகப் போகிறது. 2003இல் முடித்தது மரபணுக்கள் செறிந்த பகுதியை மட்டும்தான். ஏறக்குறைய 8 சதவீதம் விடுபட்டுப்போனது.

வரிசைத் தரவை அலசுவது என் வேலை. திரையில் துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாம்பல் நிறத்தில் அடுக்கியிருக்கும். இந்த மாதிரி இடம் வந்ததும் அவை வெளுத்துவிடும். "இந்தத் துண்டை இங்கேயும் வைக்கலாம், வேறு இடத்திலும் வைக்கலாம்" என்று மென்பொருள் சொல்லும் விதம் அது. அங்கே ஒரு நோயாளிக்கான விடை இருக்கலாம் என்று தெரிந்தும் தாண்டிப்போக வேண்டியிருந்த நாட்கள் எனக்கு உண்டு.

தீர்வு, நீளமாகப் படிப்பதுதான். 20,000 எழுத்தைத் துல்லியமாகப் படிக்கும் முறையும், லட்சம் எழுத்தைத் தாண்டிப் படிக்கும் நானோபோர் முறையும் வந்தன. இன்னொரு சிக்கலும் இருந்தது. நம் செல்களில் அம்மாவின் பிரதி ஒன்று, அப்பாவின் பிரதி ஒன்று என இரண்டு இருப்பதால் துண்டுகள் கலந்துவிடும். அதற்கு முத்துப்பிள்ளை கர்ப்பம் எனப்படும், குழந்தையாக வளராத கோளாறான கர்ப்பத்திலிருந்து வந்த செல்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் இரண்டு பிரதியும் அச்சு அசலாக ஒன்றே. இப்படித்தான் 2022இல் சுமார் 20 கோடி எழுத்துகள் புதிதாகச் சேர்ந்தன. அந்தச் செல்களில் ஒய் குரோமோசோம் கிடையாது. அதனால் ஒய் மட்டும் 2023இல் தனியாக வந்தது.

சரி, இதனால் யாருக்கு என்ன பயன்? ஃப்ரஜைல் எக்ஸ் என்ற அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைப் பாருங்கள். அங்கே சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல், அதாவது 600 எழுத்துக்கு மேல் நீளும். இன்று அதிகம் புழங்கும் இயந்திரங்கள் படிக்கும் துண்டு 150 எழுத்துதான். அதை வைத்து எண்ணிக்கை எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. நீளத் துண்டில் தொடக்கமும் முடிவும் ஒன்றாகத் தெரிகின்றன, இடையில் உள்ளதை எண்ணிவிடலாம்.