வலி மகனுக்கு, அழைப்பு நால்வருக்கும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் கோளாறு இல்லை. கணவர் ஒயிட்ஃபீல்டில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பதால் மாலையில் எனக்குப் பேச்சுத்துணை மகன்தான். மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். நால்வரும் சேர்ந்து வரவேண்டும், வீட்டில் எல்லைகளை வகுக்க வேண்டும் என்கிறார் ஆலோசகர். மாமியாரைப் பிரித்துவைக்கச் சொல்கிறாரா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இல்லை. உடலைப் பரிசோதித்த பிறகே ஆலோசகரிடம் போயிருக்கிறீர்கள். அதுவே சரியான வரிசை. அவர் பின்பற்றுவது, குடும்பத்துக்குள் யார் யாரோடு எப்படிப் பழகுகிறார்கள் என்ற அமைப்பைச் சீராக்கும் கட்டமைப்புக் குடும்பச் சிகிச்சை என்று தோன்றுகிறது. அர்ஜென்டினாவில் 1921-இல் பிறந்த மனநல மருத்துவர் சால்வடார் மினுச்சின், நியூயார்க்கின் வில்ட்விக் பள்ளியில் ஏழைச் சிறுவர்களிடையே பணியாற்றிய காலத்தில் அவர்களுடைய குடும்பங்களையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் குழந்தைகளுக்கான வழிகாட்டு மையத்தின் இயக்குநராக இருந்தபோது இம்முறையை வளர்த்தெடுத்து, 1974-இல் நூலாக்கினார்.

உங்கள் மகனின் வயிற்றுவலிக்கு நெருக்கமான ஆய்வு ஒன்றும் அங்கே நடந்தது. நீரிழிவு உள்ள சிறுவர்கள் சிலரின் பெற்றோரைத் தங்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பேசச் சொல்லி, அதைப் பிள்ளை ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போதும், பிறகு அறைக்குள் வந்து உட்காரும்போதும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மன இறுக்கத்தில் கூடும் ஒருவகைக் கொழுப்பு அமிலம் அப்பிள்ளைகளின் ரத்தத்தில் உயர்ந்தது. குடும்பம்தான் நோயை உண்டாக்குகிறது என்று இதிலிருந்து முடிவுகட்டுவதைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால், பெரியவர்களின் இறுக்கம் பிள்ளையின் உடலையும் தொடுகிறது என்பதை ஒதுக்கிவிட முடியாது. உங்கள் மகனின் வலியை நடிப்பு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் எனக் குடும்பத்துக்குள் சிறு குழுக்கள் இருக்கின்றன. ஒரு குழுவின் காரியத்தில் மற்றவர் எவ்வளவு தலையிடலாம் என்பதைத்தான் எல்லை என்கிறார்கள். எல்லை இறுகிப்போனால் ஒருவர் கஷ்டம் மற்றவருக்கு எட்டாது. கலைந்துபோனால் அம்மாவின் முகம் வாடியதும் பிள்ளைக்கு வயிறு கலங்கும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "பேச்சுத்துணை மகன்தான்" என்பது. கணவரிடம் சொல்லவேண்டிய கவலைகளைப் பதினான்கு வயதுப் பையன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பள்ளிக்குப் போய்விட்டால் உங்களுக்கு யார் என்ற கவலையும் அவனுக்கு இருக்கலாம். ஆலோசகர் அதைக் கட்டாயம் ஆராய்வார்.

மாமியார் வீட்டில் இருப்பது குறையே அல்ல. பாட்டியும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் வீடு நன்றாகவே நடக்கும், யாருக்கு எந்தப் பொறுப்பு என்பது தெளிவாக இருந்தால் போதும் என்பதே மினுச்சினின் கருத்து. நீங்கள் "பள்ளிக்குப் போ" என்று சொன்ன மறுநிமிடம், "பாவம், இன்று படுத்திருக்கட்டும்" என்று அவர் சொல்வாரானால், அங்கேதான் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் இருக்கிறது.

அமர்வில் ஆலோசகர் முதலில் உங்கள் வீட்டுப் பேச்சோடும் மரியாதை முறையோடும் ஒட்டிக்கொள்வார்; மாமியாரிடம் முதலில் பேசினால் வியக்க வேண்டாம். அடுத்து, வீட்டில் நடப்பதை வாயால் சொல்லச் சொல்லாமல் அங்கேயே நடத்திக் காட்டச் சொல்வார். "திங்கட்கிழமை காலை அவனை எழுப்புவது யார் என்று நீங்கள் இருவரும் இப்போதே பேசி முடிவெடுங்கள்" என்று உங்களிடமும் கணவரிடமும் சொல்வார். பேச்சு நடுவே நீங்கள் மகனைப் பார்ப்பீர்கள், அவன் உங்களுக்காகப் பதில் சொல்வான், கணவர் கைப்பேசியை எடுப்பார். ஆலோசகர் அப்போது பையனின் நாற்காலியைப் பாட்டியின் பக்கம் நகர்த்திப் போட்டு, உங்கள் இருவரையும் எதிரெதிரே திருப்பி உட்காரவைத்து, "இன்னும் முடியவில்லை, பேசுங்கள்" என்பார். பார்ப்பதற்கு அற்பமான காரியம்தான், ஆனால் இச்சிகிச்சையின் பாதி வேலை அந்த நாற்காலி மாற்றத்தில் நடக்கிறது.

கணவரின் வேலை நேரத்தைக் காரணம் காட்டி அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டாவது கருத்து வேண்டுமானால், உங்கள் ஊரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடும்பங்களுக்கென்றே மனநலப் பிரிவு உண்டு.

கேள்வி: குடும்ப ஆலோசகர் ஒரு மணி நேரமும் என் மருமகள் பக்கமே பேசினார். இது நியாயமா?
- வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: குரல் எடுபடாத ஒருவர் பக்கம் வேண்டுமென்றே சாய்ந்து, உறைந்துபோன சமநிலையைக் குலைப்பதும் மேலே சொன்ன கட்டமைப்புக் குடும்பச் சிகிச்சையின் உத்திகளில் ஒன்று. அந்தச் சாய்வு தற்காலிகமானது. அடுத்த அமர்வுகளிலும் உங்கள் பேச்சுக்கு இடமே கிடைக்கவில்லையென்றால் அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். ஆனால் வீட்டில் அடி உதை இருக்குமானால், எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைக்கும் இச்சிகிச்சையைத் தொடங்கவே கூடாது. அடிபட்டவரைத் தனியே சந்தித்து, அவருடைய பாதுகாப்பைத்தான் ஆலோசகர் முதலில் உறுதிசெய்ய வேண்டும்.