வேர் ஓட எந்த உரம் வாங்குவது?

கேள்வி: நெல் நடவுக்கு டிஏபி உரம் வாங்கப் போனேன். கூடவே 'வேர் வளர்ச்சிக் குருணை' ஒரு பை போட்டால்தான் வேர் நன்றாக ஓடும் என்கிறார் கடைக்காரர். பக்கத்து வயல்காரரோ சூப்பர் பாஸ்பேட்டே போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: குருணைப் பையின் முன்பக்கத்தில் வெள்ளை வேர் கொத்தாகத் தொங்கும் படம் இருக்கும். அதை விடுங்கள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஹியூமிக் அமிலம், கடல்பாசிச் சாறு என்று ஏதாவது சில சதவீதம் போட்டிருக்கும். கெடுதல் இல்லை, ஆனால் மணிச்சத்து (டிஏபியிலும் சூப்பர் பாஸ்பேட்டிலும் உள்ள பாஸ்பேட் சத்து) செய்யும் வேலையை இவை செய்யாது. வேரோடு ஒட்டி வாழ்ந்து அதற்குச் சத்து எடுத்துத் தரும் வேர்ப் பூஞ்சணம் கலந்தது என்றால், தண்ணீர் நிற்கும் சேற்றில் அது வேரில் பிடிப்பது குறைவு. கையில் காசு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

நாற்று புது வேர் விடும் நாட்களில் முக்கியமாகக் கேட்பது மணிச்சத்து. அது மண்ணில் போட்ட இடத்தை விட்டு அதிகம் நகராது. அதனால்தான் கடைசி உழவில் அடியுரமாகச் சேற்றோடு கலந்துவிடச் சொல்கிறோம். டிஏபி மூட்டையில் 18-46 என்று இருப்பதன் பொருள், 100 கிலோவில் 18 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 46 கிலோ மணிச்சத்து. 16 சதவீத சூப்பர் பாஸ்பேட்டில் அதே 46 கிலோ வேண்டுமானால் ஏறக்குறைய 290 கிலோ சுமக்க வேண்டும். ஆனால் அதில் கந்தகமும் கால்சியமும் கூடவே வரும். ஆகவே மூட்டை விலையை ஒப்பிடாதீர்கள். மூட்டை விலையை அதிலுள்ள சத்துக் கிலோவால் வகுத்து, ஏற்றுகூலியையும் சேர்த்துப் பாருங்கள். வேருக்கு இரண்டும் ஒன்றுதான். மண் பரிசோதனையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்திருந்தால் இரண்டையுமே குறைக்கலாம். வயலில் நீர் கட்டியதும், இரும்போடு ஒட்டிக் கிடந்த மணிச்சத்து கொஞ்சம் தானாகவே விடுபடும்.

டிஏபி போட்டால், அதிலுள்ள தழைச்சத்தை அடியுர யூரியாவில் கழித்துவிடுங்கள். பலர் கழிப்பதில்லை. தழைச்சத்து மிஞ்சினால் பயிர் மேலே கருகருவென்று எழும், வேர் அதற்கு ஈடாக ஓடாது. அப்புறம் பொட்டாஷை மறக்க வேண்டாம். சேற்றில் வேர் தன்னைக் காத்துக்கொள்ள அது தேவை. ஜிங்க் சல்பேட் வாங்கினால் டிஏபியோடு கலந்து தூவாமல், மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள்.

கேள்வி: நட்டு 20 நாள் ஆகியும் பச்சை பிடிக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுப்பாக இருக்கிறது. இப்போது மேலே டிஏபி போடலாமா?

பதில்: அவசரப்பட்டு மூட்டை வாங்காதீர்கள். ஒரு குத்தை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் அறாமல் தண்ணீரில் அலசுங்கள். நுனி வெள்ளையாக, மேலே செம்பழுப்பு பூசியதுபோல் இருந்தால் நல்ல வேர். வேர் வெளிவிடும் காற்று பட்டு இரும்பு துருப்பிடித்த நிறம்தான் அது. கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தால் சேற்றில் கந்தக வாயு சேர்ந்திருக்கிறது. மட்காத தொழுவுரம், பசுந்தாள் உரப்பயிரை மடக்கி உழுத உடனே நடுவது, வடியாத நீர் எல்லாம் இதைக் கிளப்பும். அம்மோனியம் சல்பேட்டும், இரும்பு குறைந்த மண்ணாக இருந்தால், அதைக் கூட்டும்.

மூச்சு முட்டும் வேருக்கு எந்த உரமும் ஏறாது. நீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிடுங்கள். அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டு, தண்ணீர் கட்டுங்கள். புது வெள்ளை வேர் தெரிந்தபின் மேலுரம் போடலாம். அடியுரத்தில் மணிச்சத்தே போடவில்லை என்றால் அப்போது டிஏபி போடுவது முழுக்க வீண் இல்லை, நெல்லுக்கு மேல்மண்ணிலும் வேர் உண்டு. அடியுரம் போட்டிருந்தால் வேண்டாம்.

கேள்வி: காய்கறிக்குப் போட்ட கால்சியம் நைட்ரேட் மீதம் இருக்கிறது. நெல்லுக்கு அடியுரமாகப் போடலாமா?

பதில்: வேண்டாம். நீர் கட்டிய சேற்றில் நைட்ரேட் பெரும்பகுதி வாயுவாகப் பறந்துவிடும், கொஞ்சம் அடியில் இறங்கிவிடும். நெல் வேருக்கு ஏற்றது அம்மோனியா வடிவத் தழைச்சத்துதான். யூரியாவும் டிஏபியும் தருவது அதையே. மீதமிருப்பதைக் காய்கறிக்கே வையுங்கள். ஈரம் இழுக்காமல் பையை இறுக்கிக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கசிந்து போகும்.