ஃப்ரீடைவிங்கில் ஆக்‌ஷன் கேமரா தொலையாமல் இருக்க என்ன செய்வது?

ஃப்ரீடைவிங் என்றால் சிலிண்டர் இல்லாமல், ஒரே மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குவது. அப்போது கோப்ரோ போன்ற கேமரா கைநழுவினால் மூழ்கிவிடும். தன் அளவுள்ள தண்ணீரைவிட அது கனமானது. கிணற்றில் தேங்காய் மிதக்கும், சாவிக்கொத்து அடிக்குப் போய்விடும் அல்லவா, அதே கணக்குதான்.

அதனால் மிதக்கும் கைப்பிடி மாட்டுங்கள், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில். முதலில் வீட்டு வாளியில் போட்டுப் பாருங்கள்: நல்ல தண்ணீரில் மிதந்தால் உப்புத் தண்ணீரில் இன்னும் நன்றாகவே மிதக்கும். ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும். மெத்தென்ற நுரை மிதவை சுருங்கி வலுவிழக்கும். எனவே மணிக்கட்டுக் கயிறும் வேண்டும். அது எங்காவது சிக்கினால் ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும், உயிர்தான் முக்கியம்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்றால் மிதக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் உள்ளே புகாது என்பது மட்டுமே அதன் பொருள்.