டெஸ்லா காயில் ஓடவில்லை என்று பனியைத் திட்டாதீர்கள்

கேள்வி: குன்னூரில் பிளஸ் டூ படிக்கிறேன். 2என்2222 டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, பிவிசி குழாயில் 300 சுற்று என்று ஒரு சின்ன டெஸ்லா காயில் (கம்பி இணைக்காமலே பக்கத்துப் பல்பை எரியவைக்கும் உயர் வோல்ட் சுருள்) செய்தேன். சிஎஃப்எல் பல்பைப் பக்கத்தில் கொண்டுபோனால் எரியவில்லை, டிரான்சிஸ்டர் மட்டும் சுடுகிறது. எங்கள் ஊர்ப் பனியும் ஈரமும்தான் காரணமா? பழைய இரும்புக் கடையில் மைக்ரோவேவ் ஓவன் டிரான்ஸ்பார்மர் கிடைக்கிறது, அதை வைத்துப் பெரிதாகச் செய்யலாமா?

பதில்: தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். அந்த டிரான்ஸ்பார்மர் சுமார் 2000 வோல்ட்டில் அரை ஆம்பியரைச் சாதாரணமாகத் தள்ளும், ஆளைக் கொல்ல அதில் பத்தில் ஒரு பங்கு போதும். மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்கிறேன் என்று இதே டிரான்ஸ்பார்மரோடு விளையாடி அமெரிக்காவில் பலர் செத்திருக்கிறார்கள். வீட்டில் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது.

சரி, சின்னக் காயிலுக்கு வருவோம். சூடாகிறது, பல்பு எரியவில்லை என்றால் சர்க்யூட் ஊசலாடவில்லை, அதாவது கரண்ட் வேகமாக விட்டுவிட்டு ஓடவில்லை, டிரான்சிஸ்டர் சும்மா திறந்து கிடந்து கரண்டைக் குடிக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பிரைமரி தலைகீழாக இருக்கும். கீழே சுற்றிய அந்த மூன்று நான்கு சுற்றுக் கம்பியின் இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். அடுத்தது எனாமல், அதாவது செம்புக் கம்பி மேல் இருக்கும் காப்புப் பூச்சு. முனையைக் கத்தியால் லேசாகக் கீறிவிட்டு சால்டர் வைப்பார்கள், ஈயம் உருண்டு மேலே உட்காரும், உள்ளே தொடர்பே இருக்காது. உப்புத்தாளில் நாலாபக்கமும் தேய்த்து, பழுப்பு போய் செம்பு இளஞ்சிவப்பாகத் தெரிந்த பிறகே ஈயம் வையுங்கள். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் (எமிட்டர், பேஸ், கலெக்டர்) டேட்டாஷீட்டோடு, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத் தாளோடு, ஒப்பிடுங்கள், பிளாஸ்டிக் உடம்பில் வரும் 2222-ல் தயாரிப்புக்குத் தயாரிப்பு எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறியிருக்கும்.

பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு எல்இடியைத் திருப்பிப் போடுங்கள், அதாவது எல்இடியின் கேத்தோடு (நெகட்டிவ் கால்) பேஸில். ஊசலாடினால்தான் அது எரியும், எரியாதவரை பல்பைத் தேடி அலைய வேண்டாம்.

பேட்டரியும் சந்தேகத்துக்குரியதுதான். 9 வோல்ட் கட்டை பேட்டரியால் அதிகக் கரண்ட் தர முடியாது, குன்னூர்க் குளிரில் இன்னும் சோம்பும். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள், ஆனால் அதற்கு 2222 தாங்காது. டிப்31சி என்ற பெரிய டிரான்சிஸ்டரை வாங்கி, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கோடு மாட்டுங்கள்.

பனிக்கு இதில் சின்னப் பங்குதான். காற்றில் இருக்கும் ஈரத்தைவிட, குழாய் மேலும் சுற்றுகளுக்கு இடையிலும் படியும் ஈரம்தான் சக்தியைத் தின்கிறது. வெயில் அடிக்கிற நாளில் (அக்டோபர், நவம்பரில் அது எங்கே வரப்போகிறது, அடுப்பங்கரைச் சூட்டில் வையுங்கள்) நன்றாகக் காயவைத்து, மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் வார்னிஷை இரண்டு கை பூசுங்கள். உயரம் உங்களுக்குச் சாதகம். குன்னூரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், மெலிந்த காற்றில் பொறி சற்று எளிதாகப் பாயும். 1899-ல் டெஸ்லா தன் ராட்சதக் காயிலை ஓட்டிய கொலராடோ ஸ்பிரிங்ஸும் ஏறக்குறைய இதே 6000 அடி உயரம்தான்.

பின்னாளில் பெரிதாகச் செய்ய ஆசை வந்தாலும் ஸ்பார்க் கேப் வகை (டிரான்சிஸ்டருக்குப் பதில் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி பாயவிடுவது) பக்கம் போகாதீர்கள். அது ரேடியோ இரைச்சலை எல்லா அலைவரிசையிலும் வாரி இறைக்கும். ஊட்டி பக்கம் முத்தோரையில் 1970 முதல் 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, அங்கே குடியிருப்பவர்கள் இதை நினைத்தே பார்க்கக் கூடாது.

அப்புறம், உங்கள் சின்னக் காயிலின் நுனியைக்கூட விரலால் தொடாதீர்கள், ஷாக் தெரியாது, ஆனால் ஊசி நுனி அளவுக்குத் தோல் வெந்துபோகும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் இதை அந்த வீட்டில் ஓட்டவே கூடாது.