சட்டம் கேளுங்கள்: தாலியும் பதிவும், பாகமும் உயிலும்

நான் திருநங்கை. கோயிலில் தாலி கட்டித் திருமணம் நடந்தது. பதிவு செய்யப் போனால், "மணமகள் என்ற இடத்தில் உங்களை எழுத முடியாது" என்கிறார்கள்.
– வாசகி, கடலூர்

முடியும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்து, பதிவு செய்யவும் உத்தரவிட்டது. வழக்கு எண் 4125/2019. தீர்ப்பின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். 2023 அக்டோபர் 17 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை 'ஒருபாலினத் திருமணம் கிடையாது' என்ற அளவில் மட்டும் படித்துவிட்டுக் கைவிரிப்பவர்கள் உண்டு. ஆண் ஒருவரைத் திருநங்கை மணக்கும் உரிமையை அதே தீர்ப்பு உறுதிசெய்திருக்கிறது.

மனுவை வாய்மொழியாகத் திருப்பினால் விடாதீர்கள். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கோ ரிட் மனுவுக்கோ அந்தத் தாள்தான் அடிப்படை. தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி, திருமணம் நடந்து 90 நாளுக்குள் பதிவு மனு தர வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு.

பெரும்பாலும் காரியம் கெடுவது பெயரில்தான்: ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட்டு, அந்த நகலை மற்ற ஆவணங்களோடு சேர்த்துக் கொடுங்கள்.

கணவரின் முதல் கல்யாணம் சட்டப்படி முறியாமல் இருந்தால் மட்டும் எந்தத் தீர்ப்பும் கைகொடுக்காது.

கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. மூன்று பிள்ளைகளில் மூத்தவள் திருநங்கை. 'வீட்டை விட்டுப் போனவளுக்குப் பங்கில்லை' என்று மற்ற இரு மகன்களும் அவள் பெயரை வாரிசுச் சான்றிதழில் சேர்க்க மறுக்கிறார்கள்.
– ஒரு தாய், விருதுநகர்

வீட்டை விட்டுப் போனதால் வாரிசுரிமை போகாது. மகனா மகளா என்று சண்டை போடுவதிலும் பொருளில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இருவருக்கும் சமபங்கு. நீங்களும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்குக் கால் பங்கு. கணவரின் தாயார் உயிரோடிருந்தால் ஐந்தில் ஒன்று.

வட்டாட்சியரிடம் தரும் மனுவில் அவள் பெயரை 'பழைய பெயர் என்கிற புதிய பெயர்' என்று எழுதுங்கள். புதுப் பெயரை மட்டும் எழுதினால், குடும்ப அட்டையில் இல்லாத ஆள் என்று விசாரணையில் கேள்வி வரும். பெயர் விடுபட்டுச் சான்றிதழ் வந்துவிட்டால் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். அவள் கையெழுத்தில்லாமல் மகன்கள் வீட்டை விற்றாலும் அவள் பங்கு விற்றதாகாது.

'சும்மா ஒரு கையெழுத்து' என்று தம்பிகள் நீட்டும் பத்திரத்தைத்தான் கவனிக்க வேண்டும். அது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருந்து, பதிவும் ஆகிவிட்டால், பங்கு கைவிட்டுப் போனதுதான்.

நான் திருநங்கை. எங்கள் ஜமாத்தில் (திருநங்கைகளின் குடும்ப அமைப்பு) நான் மகளாக ஏற்றுக்கொண்ட ஒருத்தி இருக்கிறாள். எனக்குப் பிறகு என் வீடு அவளுக்குப் போகுமா?
– வாசகி, சேலம்

தானாகப் போகாது. குரு, மகள் உறவு வாரிசுரிமைச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. உங்களை விரட்டிய உறவினர்களே உரிமை கேட்டு வரலாம். உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திடுவதை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். மகளையே சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் உங்கள் நிலைமையில் சார்பதிவாளரிடம் பதிந்துவிடுவதே நல்லது. வங்கியில் அவளை நியமனதாரராக (நாமினி) போட்டிருந்தாலும், பணத்தைப் பெற்றுக்கொள்ள மட்டுமே அது உதவும். அந்தக் கணக்கையும் உயிலில் சேருங்கள்.