டேலியாப் பூச்செடி: தென்னாப்பிரிக்கத் தோட்டக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): அக்கா, செப்டம்பர் கடைசியில் நட்ட கிழங்கு ஒரு மாதமாகியும் தலைகாட்டவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே?

பதில்: ஊற்றுவதுதான் வில்லங்கம், தம்பி. வேர்விடாத கிழங்கு அவ்வளவு தண்ணீரை என்ன செய்யும்? அழுகும். முதல் வருஷம் நானும் நாற்றங்கால் மாதிரிதான் நனைத்தேன். தோண்டினால் விரல் வழுக்கி உள்ளே போனது, அழுகின உருளைக்கிழங்கு நாற்றம். நீங்களும் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், பழைய தண்டு ஒட்டியிருக்கும் கழுத்தில் சின்னக் கொப்புளம் மாதிரி கண் தெரிகிறதா பாருங்கள். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். இதற்குக் கழுத்தில் மட்டும்தான். கண் இல்லாவிட்டால் எவ்வளவு கொழுத்த கிழங்கும் முளைக்காது. இருந்தால் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். மண்ணில் லேசான ஈரம் இருந்தால் முளை தெரியும்வரை குழாயைத் தொடாதீர்கள். செடியைத் தாங்கும் கொம்பையும் இப்போதே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்தும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): கோழி எரு போட்டு வளர்க்கிறேன். செடி ஆளுயரம், பூவே இல்லை.

பதில்: கோழி எருவை நிறுத்துங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (லெனேசியா): டர்பன் சித்தி கிழங்கைக் குளிர்காலத்திலும் மண்ணிலேயே விடுகிறார். நாங்களும் விடலாமா?

பதில்: சித்தி இருப்பது கடலோரம், அங்கே உறைபனி இல்லை. உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலக் குளிரில் கிழங்கு உறைந்து கூழாகிவிடும். முதல் பனியில் இலை கறுத்ததும் தண்டைச் சாண் உயரத்தில் நறுக்கிவிட்டு, தோட்ட முள்கரண்டியால் தண்டிலிருந்து தள்ளித் தோண்டி எடுங்கள். நிழலில் காயவைத்து, மரத்தூள் போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்து, மெத்தென்று இருப்பதை எறியுங்கள். சித்தியிடமும் சொல்லுங்கள், குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம் என்று.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வண்டு இதழ்களை மேய்கிறது. பொறுக்கி எறியலாமா?

பதில்: வெறுங்கையால் வேண்டாம், அம்மா. இதுதான் சி.எம்.ஆர். வண்டு. பழைய கேப் குதிரைப்படையின் (Cape Mounted Riflemen) சீருடை நிறத்தால் வந்த பெயர். அதன் நீர் பட்டால் தோல் கொப்பளிக்கும். கையுறை போட்டு, அது மந்தமாக இருக்கும் விடியற்காலையில் சோப்புத் தண்ணீரில் தட்டிவிடுங்கள். தோட்டம் முழுக்க மருந்து அடிக்காதீர்கள், இதன் புழு மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டையைத் தின்று நமக்கு உதவுகிறது.

கேள்வி (மெரெபாங்க்): தைப்பூசக் காவடிக்கு வீட்டு டேலியா வேண்டும், நாலு செடி வைக்கப்போகிறேன். எப்போது நடுவது?

பதில்: அக்டோபர் தொடக்கத்தில். நட்டதிலிருந்து பூக்கச் சுமார் மூன்று மாதம். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பூ கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் கிளை பெருகும். நன்றாக விரிந்ததையே நறுக்குங்கள். மல்லிகை மாதிரி மொட்டாகப் பறித்தால் இது அப்புறம் விரியாது, மொட்டாகவே வாடும். முந்தின நாள் மாலையே நறுக்கி வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். நாலு செடி ஒரு காவடிக்குக் காணாது. செண்டுமல்லியும் வாங்கிக்கொள்ளுங்கள்.